காத்திருப்பதற்குக் கூலி: ஆமிஷ் மக்களின் ரிட்டயர்டு டிரைவர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கங்களில், சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்களின் வண்டியை இழுத்துப்போகும் குதிரை பெரும்பாலும் ஒரு ரிட்டயர்டு குதிரை. ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற இனம். சில ஆண்டுகள் பந்தயத்தில் ஓடிவிட்டு, வேகம் குறைந்ததும் ஏலத்துக்கு வரும். ஆமிஷ் குடும்பங்கள் அதை வாங்கி வண்டியில் பூட்டுகின்றன. அந்தக் குதிரை போக முடியாத தூரத்துக்கு அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகும் மனிதரும் பல நேரம் ரிட்டயர்டு ஆள்தான். ஆலையில் வேலை பார்த்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டியவர், நெடுந்தூர லாரி ஓட்டியவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று எல்லா வகையும் உண்டு. பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள், பொழுது போகவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருநாள், "டாக்டரிடம் கூட்டிப்போக முடியுமா?" என்று கேட்கிறார். பலருக்கும் தொழில் இப்படித்தான் தொடங்குகிறது.

இதற்கு 'ஆமிஷ் டாக்ஸி' என்று பெயர். பெயரில்தான் டாக்ஸி, கூரையில் விளக்கோ மீட்டரோ பெரும்பாலும் இருக்காது. சில ஊர்களில் இந்த டிரைவர்களை 'யோடர் டோட்டர்' என்றும் கேலியாகச் சொல்வார்கள். யோடர் என்பது ஆமிஷ் மக்களிடையே தடுக்கி விழுந்தால் கண்ணில் படும் குடும்பப் பெயர்; டோட்டர் என்றால் சுமந்து செல்பவர். எல்லோரும் ரசிக்கும் கேலி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆமிஷ் மக்களோ, இந்த டிரைவர்கள் உட்பட, தங்கள் கூட்டத்தைச் சேராத எல்லோரையும் 'இங்கிலீஷ்' என்றே அழைக்கிறார்கள். டிரைவர் போலந்து வம்சாவளிக்காரராக இருந்தாலும் அவர் இங்கிலீஷ்தான்.

சரி, கார் கூடாது என்று சொல்கிறவர்கள் காரில் ஏறுவது எப்படி? பாசாங்கு இல்லையா? முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அவர்களுடைய விதி எதைத் தடுக்கிறது என்று கூர்ந்து பார்த்தால் கதை வேறு. 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றி, சுவிட்சர்லாந்திலும் அல்சாஸிலும் தனிக்கூட்டமாகப் பிரிந்த கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள் ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறினார்கள். ஏறக்குறைய 25 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ வழிபாடு நடக்கும். அத்தனை பேரும் குதிரைவண்டியில் வந்து சேரும் தூரத்தில் குடியிருந்தால்தான் அந்தச் சபை சபையாக இருக்கும்.

கார் பரவத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெரியவர்களுக்கு இது புரிந்துவிட்டது. வாசலில் கார் நின்றால் மகன் ஐம்பது மைல் தள்ளி வீடு கட்டுவான். ஒருவன் பெரிய கார் வாங்கினால் மற்றவன் அதைவிடப் பெரிதாக வாங்குவான். எனவே தடை சொந்தமாக வைத்துக்கொள்வதற்கும் ஓட்டுவதற்கும்தான். ரயிலில் போகலாம், பேருந்தில் போகலாம், அடுத்தவர் காரில் காசு கொடுத்தும் போகலாம். அப்படிப் போகும்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு யோசனை வருகிறது: இதற்காக ஒருவரைக் கூப்பிட வேண்டுமா, காசு கொடுக்க வேண்டுமா, வேறு யாராவது கூட வருவார்களா? அந்தத் தயக்கத்தைப் பாதுகாப்பதுதான் விதியின் வேலை. 1927இல் பிரிந்துபோன பீச்சி ஆமிஷ் பிரிவினர் கார் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். காலப்போக்கில் அவர்களில் பெரும்பாலோரிடம் பென்சில்வேனியா டச்சு என்ற வீட்டுமொழியும் தேய்ந்துபோனது. பழைய கூட்டத்தார் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எல்லா ஆமிஷ் பிரிவுகளும் இதில் ஒன்றுபோல இல்லை. ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்ற மிகக் கண்டிப்பான பிரிவினர், அவசரம் என்றால் ஒழிய வாடகைக்குக் கார் வைப்பதையும் ஏற்பதில்லை. மற்றப் பல சமூகங்களிலும் ஞாயிற்றுக்கிழமை டிரைவரைக் கூப்பிடக் கூடாது. உயிர்போகும் விஷயமென்றால் சரி. டிரைவருக்கு இதனால் ஒரு வசதி. வாரத்தில் ஒருநாள் உறுதியான விடுமுறை.

குதிரைவண்டி மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பும் நாளில் குதிரைக்கு ஓய்வும் வேண்டும். பழைய காலத்தில் வயலும் வீடும் சபையும் இந்த எல்லைக்குள் அடங்கின. இன்று அடங்கவில்லை, அதற்குக் காரணம் அவர்களே. நூறு ஆண்டுகளுக்கு முன்பு சில ஆயிரம் பேராக இருந்த கூட்டம், 2024 கணக்குப்படி வட அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சம். குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள் என்பது சாதாரணம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டிப்பாகிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) நிலம் எட்டாக்கனியானதும், இளம் தம்பதிகள் கென்டக்கி, நியூயார்க், விஸ்கான்சின் என்று நிலம் மலிவான இடங்களுக்குப் போய்ப் புதுக் குடியிருப்புகளைத் தொடங்குகிறார்கள். இப்போது 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஆமிஷ் ஊர்கள் உண்டு. அண்ணன் பென்சில்வேனியாவில், தங்கை விஸ்கான்சினில். பிள்ளைகளைச் சிதறடிக்கும் என்று பயந்துதான் காரை வேண்டாமென்றார்கள். கார் இல்லாமலே பிள்ளைகள் சிதறிவிட்டார்கள், இப்போது அவர்களைப் பார்க்கக் கார் வேண்டியிருக்கிறது.

வேலையும் மாறிவிட்டது. விவசாயத்தையே நம்பியிருக்கும் குடும்பங்கள் இப்போது சிறுபான்மை. தச்சு வேலை, கூரை போடுவது, கொட்டகை கட்டுவது என்று ஆண்கள் குழுவாகக் கிளம்புகிறார்கள். அவர்களை விடியுமுன் வீடு வீடாக ஏற்றி, நாற்பது மைல் தள்ளி இருக்கும் வேலையிடத்தில் இறக்கி, மாலையில் திருப்பிக் கொண்டுவர ஒரு டிரைவர் வேண்டும். லங்காஸ்டர் குடும்பங்கள் பல, பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் சந்தையிலும் மேரிலாந்துச் சந்தைகளிலும் கடை போட்டிருக்கின்றன. பிரெட்செல், இறைச்சி, பாலாடைக்கட்டி. அதற்கும் வேன்தான்.

ஆனால் ரிட்டயர்டு டிரைவர்கள் அதிகம் எடுப்பது வேலைக்குப் போகிற ஓட்டத்தை அல்ல, வீட்டு ஓட்டங்களை. மருத்துவமனை, பல் மருத்துவர், முதுகு நீவும் கைரோபிராக்டர், வங்கி, மளிகை. மளிகைக்கும் வால்மார்ட்டுக்கும் பக்கத்து ஊர் என்றால் குதிரையிலேயே போய்விடுவார்கள். சில ஊர்களில் வால்மார்ட் வாசலில் குதிரை கட்ட இடமே உண்டு. தூரம் கூடினால் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பேசுவார்கள். இப்படி ஆள் சேர்ப்பதை 'லோடு' சேர்ப்பது என்கிறார்கள். நாம் லோடு என்றால் மணலையும் செங்கல்லையும் நினைப்போம். அங்கே ஒரு லோடு என்றால் இரண்டு பாட்டிகள், ஒரு கைக்குழந்தை, குழந்தையின் அம்மா, அப்புறம் தாத்தாவின் பல் செட்டை வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தனுப்பிய சீட்டு.

மருத்துவ ஓட்டங்களுக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. சில நூறு மூதாதையரின் வழிவந்து, தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பதால் ஆமிஷ் சமூகத்தில் சில அரிய மரபணு நோய்கள் அதிகம். லங்காஸ்டர் கவுண்டியில் டாக்டர் ஹோம்ஸ் மோர்டன் 1989இல் இதற்கென்றே ஒரு சிறப்புக் குழந்தைகள் மருத்துவ மையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும், சுமார் 70 மைல். அதே நாளில் திரும்பலாம், குழந்தையை அங்கேயே சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். மாலை நான்கா, இரவு பத்தா என்று யாராலும் சொல்ல முடியாது. டிரைவர் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ஆமிஷ் குடும்பத்துக்குத் தேவை வண்டி ஓட்டத் தெரிந்தவர் மட்டும் என்றால் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடியவர், அதற்காக முகம் சுளிக்காதவர், அந்த ஆறு மணி நேரத்தை வைத்துப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் தேவை. குடும்பஸ்தனான முப்பது வயதுக்காரருக்கு இது கட்டாது. பென்ஷன்காரருக்குக் கட்டும். அவரிடம் குறுக்கெழுத்துப் புத்தகமும் தூக்கில் காபியும் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மைலுக்கு இவ்வளவு, காத்திருக்கும் மணிக்கு இவ்வளவு என்பதுதான் வழக்கமான பேச்சு. விகிதம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக மைலுக்கு 1 டாலர், காத்திருக்க மணிக்கு 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து கிளீவ்லாந்து மருத்துவமனைக்குச் சுமார் 80 மைல். போகவர 160 மைல், 160 டாலர். ஐந்து மணி நேரக் காத்திருப்புக்கு 50. மொத்தம் 210. ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 35 டாலர், பயணிகளுக்கு மோசமில்லை.

டிரைவருக்கு? பெட்ரோலுக்கு முப்பது சொச்சம் டாலர் போனால் மிச்சமெல்லாம் லாபம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் டயர், எண்ணெய், பிரேக், இன்சூரன்ஸ், வண்டியின் தேய்மானம் எல்லாம் சேர்த்து, 2025இல் அமெரிக்க வருமான வரித்துறை தொழில் ஓட்டத்துக்கு அனுமதித்த கழிவு மைலுக்கு 70 சென்ட். 160 மைலுக்கு 112 டாலர். ஆக உண்மையான சம்பாத்தியம் 98 டாலர். ஏற்றி இறக்கி, ஓட்டி, காத்திருந்து மொத்தம் பத்து மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்குப் பத்து டாலர்கூட இல்லை. அந்த ஆண்டு ஒஹாயோவின் குறைந்தபட்சக் கூலியே 10.70 டாலர். கையில் காசு நிற்பதுபோலத் தெரிகிறதே என்றால், அது வேன் தன்னைத் தானே தின்று கொடுக்கும் காசு. மூன்று லட்சம் மைல் ஓடிய வேனை மாற்றும் அன்றுதான் விஷயம் புரியும்.

இன்னொரு பக்கம், இந்த 70 சென்ட் கழிவு பென்ஷன்காரருக்கு ஒரு கவசமும்கூட. 62 வயதிலேயே அரசின் சமூகப் பாதுகாப்புப் பென்ஷனை வாங்கத் தொடங்கியவர், முழு ஓய்வு வயதை (1960இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு 67) எட்டும்வரை அளவுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. 2025இல் எல்லை 23,400 டாலர். அதைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் பென்ஷனில் 1 டாலரைப் பிடித்து வைப்பார்கள். சொந்தத் தொழில் என்பதால் கழிவுகள் போக மிஞ்சும் நிகர வருமானம்தான் கணக்கில் வரும். வாரத்துக்கு நான்கு கிளீவ்லாந்து ஓட்டம், ஆண்டுக்கு ஐம்பது வாரம் ஓட்டினாலும் நிகரம் 20,000 டாலருக்குள்தான். ஆனால் அந்த நிகரத்தின் மேல் ஏறக்குறைய 15.3 சதவீதம் சுயதொழில் வரி உண்டு. பணமாக வாங்கிப் பணமாகவே செலவழிப்பவர்கள் இதை மறந்துவிடுவதும் உண்டு. மறந்ததை வரித்துறை ஒருநாள் நினைவூட்டும்.

65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்துவிடுவது, பென்ஷன்காரருக்கு இந்தத் தொழில் கட்டுவதற்கு அடுத்த காரணம். மருத்துவக் காப்பீட்டுக்காகவே வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாடு அது. அந்தக் கவலை தீர்ந்தவரால்தான் இந்தச் சொற்ப வருமானத்தில் மனநிறைவோடு ஓட்ட முடியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்சீட்டில் இருப்பவர் அரசு பென்ஷனில் வாழ்கிறார். பின்சீட்டில் இருப்பவர்கள் அதை வாங்க மாட்டோம், அதற்குப் பணமும் கட்ட மாட்டோம் என்று போராடி விலக்கு வாங்கியவர்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின், சபையின் கடமை. அதை அரசிடம் விடுவது நம்பிக்கைக் குறைவு என்பது அவர்கள் வாதம். 1961 வசந்த காலத்தில், பென்சில்வேனியாவின் நியூ வில்மிங்டனில் வாலண்டைன் பைலர் என்ற ஆமிஷ் விவசாயி இந்த வரியைக் கட்ட மறுத்ததற்காக, உழுதுகொண்டிருந்தபோதே அவருடைய மூன்று குதிரைகளை வரித்துறை பறிமுதல் செய்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1965இல் மெடிகேரைக் கொண்டுவந்த சட்டத்திலேயே, சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு விலக்கும் சேர்ந்து வந்தது. அதாவது டிரைவரின் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வதும் பயணியை அதிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரே சட்டம்.

சட்டம் என்று வந்தால், பலர் சறுக்கும் இடம் இன்சூரன்ஸ்தான். சாதாரண வீட்டுக் கார் பாலிசிகள், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் ஓட்டத்தை வழக்கமாக ஏற்பதில்லை. விபத்து நடந்த பிறகு, "சும்மா பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன்" என்று சொன்னால் எடுபடாது. ஆமிஷ் மக்கள் வழக்குப் போடுவதில்லை, அதனால் பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. வழக்குப் போடுவதைத் தங்கள் சமயத்துக்கு விரோதமாக அவர்கள் கருதுவது உண்மைதான். ஆனால் எதிரே வந்த காரில் இருப்பவர் ஆமிஷ் இல்லையே.

பென்சில்வேனியாவில் காசுக்கு ஆள் ஏற்ற மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையம் இதற்கென்றே ஒரு வகையை வைத்திருக்கிறது. ஆமிஷ் என்ற பெயரே அதில் வராது. "தங்கள் சொந்தக் கொள்கையின் காரணமாக மோட்டார் வாகனம் வைத்திருக்கவோ ஓட்டவோ இயலாதவர்களுக்கு மட்டும்" என்ற பொருளில்தான் அனுமதி எழுதப்படுகிறது. அரசு எழுத்தில் இவ்வளவு நாசூக்கான வாசகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு மதத்தின் பெயரைச் சொல்லாமல் அந்த மதத்தாரை அப்படியே சுற்றி வளைத்துவிட்டது.

மாநில எல்லையைத் தாண்டினால் மத்திய அரசின் விதிகள் சேர்ந்துகொள்ளும். டிரைவரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ உட்காரும் வண்டிக்கு வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் 15 இருக்கை வேன் இவ்வளவு பிரபலம். எல்லைக்கு ஒரு இருக்கை கீழே. ஆனாலும் காசுக்கு ஆள் ஏற்றி மாநிலம் தாண்டினால் அந்த வேனுக்கும் 15 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு, டிரைவருக்கு உடற்தகுதிச் சான்று, ஓட்டும் நேரத்துக்கு வரம்பு எல்லாம் உண்டு. வேனுக்கே ஒரு குணமும் உண்டு. பத்துப் பேருக்கு மேல் ஏறி, மூட்டைகளும் ஏறினால் எடை பின்னாலும் மேலேயும் போய்விடும். திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் கவிழும். ஆட்கள் நிறைந்த வேன் விபத்தில் கவிழும் வாய்ப்பு, குறைந்த ஆட்களோடு ஓடும் வேனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இலேயே எச்சரித்தது. கூரைமேல் சாமான் கட்ட மாட்டேன் என்று சொல்லும் டிரைவரை நம்பி ஏறலாம்.

நெடுந்தூர ஓட்டங்களில் பெரும்பங்கு கல்யாணமும் சாவும். லங்காஸ்டர் பக்கம் அறுவடை முடிந்து இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில்தான் கல்யாண சீசன். அதுவும் பெரும்பாலும் செவ்வாய், வியாழன். முந்நூறு நானூறு விருந்தினர் என்பது சாதாரணம். நவம்பரில் எல்லா டிரைவர்களின் நாட்காட்டியும் நிறைந்திருக்கும். சாவு நாட்காட்டி பார்த்து வருவதில்லை. இறந்த மூன்றாம் நாள் அடக்கம். விஸ்கான்சினில் ஒரு பெரியவர் இறந்தார் என்றால், லங்காஸ்டரில் அன்றிரவே லோடு சேரும். பண்ணையின் கோடியில் நிற்கும் தொலைபேசிக் கொட்டகைக்கு ஒருவர் லாந்தரோடு நடந்துபோய் டிரைவரைக் கூப்பிடுவார். வீட்டுக்குள் போன் கூடாது, கொட்டகையில் பகிர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. டிரைவர் திருப்பி அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். குரல் பதிவில் சொல்லிவைக்க வேண்டும். புதிதாக வரும் டிரைவருக்கு முதல் மாதம் இதுவே பெரும்பாடு.

குளிர்காலத்தில் வயதான ஆமிஷ் தம்பதிகள் ஃப்ளோரிடாவின் சாரசோட்டாவில் உள்ள பைன்கிராஃப்ட் என்ற குடியிருப்புக்குப் போய் வெயில் காய்வார்கள். அங்கே குதிரை கிடையாது. மூன்று சக்கர சைக்கிளில் சுற்றுவார்கள். பெரும்பாலும் பேருந்தில் போனாலும், வேன் பேசிப் போகிறவர்களும் உண்டு. சில டிரைவர்களுக்கு அதுவே வருடாந்திர விடுமுறை.

இவ்வளவு தூரம் ஒரே வேனில் போகும்போது டிரைவர் வெறும் டிரைவராக இருக்க முடியாது. யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்குப் புற்றுநோய், எந்தக் கடை நொடிக்கிறது, எந்தப் பையன் வீட்டை விட்டுப் போகப்போகிறான் என்று சபைக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பின்சீட்டில் பென்சில்வேனியா டச்சில் பேசிக்கொள்வார்கள். ஐந்து வருடம் ஓட்டியவருக்கு அது பாதிக்கு மேல் புரியும், புரியாததுபோல இருக்கவும் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவருக்கு அடுத்த மாதம் போன் வருவது குறைந்துவிடும். காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். விளம்பரமும் இப்படி வாய்வழிதான்.

சிறு ஓட்டங்கள் இப்போது கொஞ்சம் குறைகின்றன. ஹோம்ஸ் கவுண்டியில் பல சபைகள் மின்சார சைக்கிளை அனுமதித்துவிட்டன. ஐந்து மைல் தள்ளி வேலைக்குப் போக இனி டிரைவர் தேவையில்லை. நெடுந்தூரமும் மருத்துவமனையும் மட்டும் மிச்சம். எழுபதைத் தாண்டிய டிரைவருக்கு மிகவும் கடினமான ஓட்டங்களும் அவைதான்.

கண் புரை வந்ததும் இரவு ஓட்டத்தை விடுவார்கள். அப்புறம் பெருநகர நெடுஞ்சாலையை விடுவார்கள். பிலடெல்பியாவுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்பார்கள். அப்புறம் மழை, பனி. பழக்கப்பட்ட குடும்பங்கள் அவரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவரும் மளிகைக்கும் வங்கிக்கும் மட்டும் வருகிறேன் என்பார். கடைசியில் அவர் ஓட்டுவது வீட்டைச் சுற்றி ஏழெட்டு மைலுக்குள். அந்தத் தூரத்துக்குக் குதிரையே போதும்.